மாமா கொண்டுவந்த பச்சை

எங்கள் வம்சத்தில் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்த முதல் ஆள் அப்பாதான். அதுவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம் எங்களுடையது. எழுமலைப் பக்கம் அந்த வருஷம் நல்ல மழை. கெண்டைக் குஞ்சுகளை விட்ட அன்று அம்மா கரையில் சூடம் கொளுத்தி, இனி யார் வயலுக்கும் போக வேண்டாம் என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வண்டியூர்ப் பக்கம் மாடு வைத்திருந்தார். ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் மதியச் சாப்பாடும் தொப்பியும் வாங்கி வந்ததிலிருந்து அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. தண்ணீரில் மிதக்கும் அசோலாவை மாடும் தின்னும், மீனும் தின்னும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். வீட்டுத் தொட்டியில் போட்டது செத்துப்போகவே, வாய்க்காலில் பச்சையாக மிதந்ததை ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்துவிட்டார்.

“அசோலாதான் மச்சான். மாடே அம்புட்டு ஆசையாத் திங்குது, மீனு விடுமா?”

“மாப்ள சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்” என்று அப்பா சாக்கைக் கண்மாயில் கொட்டினார்.

மாமா தொட்டியில் நான் பார்த்திருந்தது பொடிப்பொடியான இலை. இதுவோ விரல்நகத்தைவிடப் பெரிது. மேலே மயிர் மயிராக இருக்கும், தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். எனக்கு அது நல்ல விளையாட்டு. மீன்கள் அதைத் தொடவே இல்லை.

பொங்கலுக்குள் கண்மாயில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் இடுப்பளவில் நின்று வாரி வாரிக் கரையில் போட்டார்கள். பிய்ந்து மிதந்த துண்டெல்லாம் மறுபடி செடியானது. மாமாவும் தொப்பி இல்லாமல் வந்து வாரினார். அது அசோலா இல்லை என்று அவருக்கும் புரிந்திருந்தது. என்ன செடி என்று மட்டும் ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு விடியற்காலை அப்பாவோடு போனேன். முதல்நாள் அவர் செடியை வாரி ஒதுக்கியிருந்த, ஒரு கட்டில் அகலத் தண்ணீரில் கெண்டைகள் நெருக்கியடித்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அப்பா சட்டையோடு உள்ளே இறங்கி, இரண்டு கையாலும் அந்தப் பச்சையைக் கிழித்துத் தள்ளினார்.

“எப்பா, மீனெல்லாம் ஒன்னையத் தேடி வந்துருச்சு!” என்று நான் கரையில் நின்று கைதட்டினேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கரை நாறத் தொடங்கியிருந்தது. மீன்கள் வயிறு வெளுத்து மல்லாந்து கிடந்தன. சில நாளில் அப்பா கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு மூட்டை தூக்கப் போனார். அம்மா பழைய வயலுக்கே களையெடுக்கப் போனாள். குத்தகை என்ற வார்த்தையை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

மீன் செத்த அன்று காலை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்தேன், எங்கப்பா கூப்பிடாமலே மீன் வரும் என்று. அவை மூச்சுக்குத் தவித்து மேலே வந்தவை என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் அத்தனை கைதட்டியும் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று அன்று பூராவும் எனக்கு அவர்மேல் கோபம்.