லாக்கப்பில் விழுந்த அடி

இதை நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன். ஆனால் நடந்தது இதுதான். அதுவும் ராத்திரியில் இல்லை. பகல் மூன்றரை மணிக்கு, நாகர்கோவிலில், ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள்.

என் பெயர் ஷைஜா. மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண போட்டோ எடுப்பது வயிற்றுக்கு. போலீஸ்காரர்களின் அன்றாட வேலையைப் படமெடுத்துப் புத்தகமாகப் போடவேண்டும் என்பது என் ஆசை. முறையாக அனுமதி வாங்கி, ஒரு வருடமாக அந்த ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. எஸ்.ஐ. நாராயணபெருமாள் ஆரம்பத்தில் என் கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். போகப்போகப் பழகிவிட்டார். கான்ஸ்டபிள் ரெஜிலா என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

போன ஐப்பசி. விடாத மழை. காலையில் ஒரு வீட்டுக்கு ஜீப்பில் போனோம். சபிதா என்ற பெண் அடுக்களையில் செத்துக் கிடந்தாள். முகத்தில் அடையாளம் என்று எதுவும் மிச்சமில்லை. தாடை உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. சுவரில் என் தோள் உயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது. அவள் அக்கா இந்துஜா பக்கத்தில் உட்கார்ந்து கதறிக்கொண்டிருந்தாள். சபிதாவின் புருஷன் அனில்குமார் வாசலில் நின்று, வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான். அவன் சட்டை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். யாரும் நம்பவில்லை. உடலைப் பிணவறைக்கு அனுப்பிவிட்டு, அவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து லாக்கப்பில் தனியாகப் போட்டார்கள்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஸ்டேஷனில் இருந்த சிசிடிவியும் அணைந்தது. லாக்கப்பில் ஒரே ஒரு ஜன்னல். அந்த மழை வெளிச்சமே படத்துக்கு நன்றாக இருந்ததால், கம்பிக்கு வெளியே நின்று கேமராவைத் தூக்கினேன்.

இப்போது வரும் கேமராக்களில் ஒரு வசதி உண்டு. எதிரில் முகம் தெரிந்தால், திரையில் ஒரு சின்னக் கட்டம் தானாக வந்து அந்த முகத்தின் மேல் நிற்கும். அனில்குமார் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். கட்டம் அவன் முகத்தில் நின்றது. பிறகு நகர்ந்தது. அவனுக்கு முன்னால், வெறும் காற்றில், ஒரு பெண் நின்றால் தலை வரும் உயரத்தில் போய் நின்றது.

லென்சைத் துடைத்தேன். திரும்பவும் பார்த்தேன்.

அதே இடம்...

நாராயணபெருமாள் கம்பிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படிலே விழுந்தா?"

"வழுக்கி விழுந்தா சார்."

பட்.

அவன் தலை பக்கவாட்டில் திரும்பிச் சுவரில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"சார், அடிக்காதீங்க சார்."

"நான் இங்கனல்லா இருக்கேன். யாருலே உன்னைத் தொட்டா?"

பட். பட்.

மூக்கு உடைந்தது. என் விரல் ஷட்டரில் அழுந்தியபடியே இருந்தது. எடுக்கவேண்டும் என்று எடுக்கவில்லை. விரல் விடவில்லை. ஒரு பல் தரையில் விழுந்து கம்பிவரைக்கும் உருண்டு வந்தது.

பிறகு அவன் எழும்பினான். அவனாக எழும்பவில்லை. தலைமுடி செங்குத்தாக நின்றது. யாரோ கொத்தாகப் பிடித்துத் தூக்குவதுபோல. கால் விரல்கள் தரையைப் பிராண்டின. முகம் சுவரில் மோதியது. திரும்ப மோதியது. திரும்பவும்...

"நான்தான் சார். நான்தான் அடிச்சு கொன்னேன். நிறுத்தச் சொல்லுங்க சார்."

நிற்கவில்லை.

ரெஜிலா பூட்டைத் திறந்து உள்ளே ஓடினாள். பாதியிலேயே பின்வாங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா... யாரோ என்னைப் பிடிச்சு ஒதுக்கி விட்டாங்க. மெதுவாத்தான் ஒதுக்கினாங்க."

மழைச் சத்தம். அதற்கு நடுவே இன்னொரு சத்தம்.

மூச்சு வாங்கும் சத்தம். அடித்து அடித்துக் களைத்த ஒரு பெண்ணின் மூச்சு.

கடைசியாக ஒரு அடி.

தாடை உடையும் சத்தம் கேட்டது.

அவன் சரிந்தான்.

கேமரா திரையில் கட்டம் இன்னும் காற்றில்தான் நின்றது. அது பெரிதாக ஆரம்பித்தது. முகம் நம் பக்கம் நெருங்கி வந்தால்தான் கட்டம் பெரிதாகும்.

இன்னும் பெரிதானது.

இன்னும்...

திரை முழுவதும் நிறைந்தது. என் கன்னத்தில் ஈர மூச்சு பட்டது.

கரண்ட் வந்தது. கட்டம் மறைந்தது. மணி 3.47.

அனில்குமார் சாகவில்லை. ஒரு கண் போய்விட்டது. தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள். போலீஸ் அடித்ததுதான் என்று ஊரெல்லாம் பேச்சு. நாராயணபெருமாளைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். விசாரணை அதிகாரியிடம் என் படங்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் லாக்கப்பில் அவனைத் தவிர யாரும் இல்லை. ஒரு படத்தில் மட்டும் ரெஜிலா. நான் கம்ப்யூட்டரில் ஆட்களை அழித்துவிட்டேன் என்று சொன்னார்கள். அன்று சாயங்காலம் நாராயணபெருமாள் போன் பண்ணினார்.

"நீ பாத்தேல்லா மக்கா. நான் நாற்காலியை விட்டு எழும்பக்கூட இல்ல."

"பாத்தேன் சார்."



கொஞ்ச நாள் கழித்து இந்துஜா என் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"லாக்கப்புல என்ன நடந்து? உள்ளதைச் சொல்லு மக்கா."

சொன்னேன். அவள் என்னைப் பைத்தியம்போலப் பார்க்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

"அன்னைக்குக் காலையில அடுக்களையில அவளுக்க ரெண்டு கையையும் பிடிச்சிட்டாக்கும் நான் அழுதேன். கையில ஒரு கீறல் கெடையாது. சாவும்போகூட அவ அவனைத் திருப்பி அடிக்கல. சாயங்காலம் பிணவறையில இருந்து கொண்டுவந்து, குளிப்பாட்ட துணியை அவுத்தோம்..."

தன் கையை மடக்கி விரல் முட்டிகளை எனக்குக் காட்டினாள்.

"விரல் முட்டி எல்லாம் பொளந்து கெடந்து. தொலி உரிஞ்சு எலும்பு தெரிஞ்சு. நான்தான் கழுவினேன். செத்த உடம்புல ரத்தம் வருமா? கழுவக் கழுவ வந்துகிட்டே இருந்து. அடக்கம் பண்ணுறதுவரைக்கும் நிக்கல."