நாற்பத்தேழு சிவப்பு

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி இருக்கும். பாகூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

பங்கு வாங்கி அன்றைக்கே விற்றுவிடும் வியாபாரத்தில் இறங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு முறை நல்ல நஷ்டம். "இன்னொரு வாட்டி காசு உட்டீன்னா அந்த ஆப்ப அழிச்சிடணும், சரியா?" என்று கணவர் கேட்டிருந்தார். குழந்தை தலையில் கை வைத்துச் சரி என்று சொல்லியிருந்தேன். ஆனால் படித்த படிப்புக்கு நான் செய்கிற ஒரே வேலை அது. விட மனமில்லை.

அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். ஐம்பது பெரிய பங்குகளில் எத்தனை ஏறுகின்றன, எத்தனை இறங்குகின்றன என்று எண்ணி, நேரத்தோடு எழுதுவேன். நாற்பத்தைந்துக்கு மேல் இறங்கிச் சிவப்பாகிவிட்டால், விற்க வேண்டியவர்கள் விற்று முடித்துவிட்டார்கள், இனி சந்தை ஏறும் என்பது என் கணக்கு. அப்படிச் சிவப்பானதாக எழுதிய பதினோரு நாளில் ஒன்பது நாள் ஏறியும் இருந்தது.

அன்று நாற்பத்தேழு சிவப்பு. திரும்ப எண்ணினேன். நாற்பத்தேழேதான். வாங்கும் தொகையைக்கூடப் போட்டுவிட்டேன். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. வழக்கம்போல ஒரு சந்தேகம். எதற்கும் நோட்டை ஒருமுறை பார்த்துவிடலாமே.

நோட்டு நாத்தனாரிடம் இருந்தது. முந்தின நாள்தான் வந்திருந்தாள். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு அதில் பூனை வரைந்துகொண்டிருந்தாள்.

"குடுடி, அவசரம்."

"இரு அண்ணி, வால் போட்டுட்டுத் தரேன்." பக்கங்களைப் புரட்டினாள். "இன்னா அண்ணி, எல்லாம் ஒரு மணி, ரெண்டு மணின்னே கீது? காலைல உன் கடை லீவா?"

"காலைல உன் மருமவ எங்க உடுறா? அவ தூங்குனாத்தான நான் போன எடுக்க முடியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பதினோரு நாளும் குழந்தையின் மதியத் தூக்கத்தில் எழுதியவை. மதியத்தில் நாற்பத்தேழு என்றால், அது காலையிலிருந்து விற்றுக் களைத்த சந்தை. ஒன்பதரைக்கே நாற்பத்தேழு என்றால்? விற்பனை இப்போதுதான் தொடங்குகிறதோ என்னவோ. காலை நேரச் சந்தையை நான் பார்த்ததே இல்லை.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

ஆனால் சும்மா இருக்க முடியுமா? சோறு வடித்துவிட்டுப் போனுக்கு ஒரு ஓட்டம், குழந்தைக்கு ஊட்டிவிட்டு ஒரு ஓட்டம். பத்து மணிக்கு நாற்பத்தெட்டு. பன்னிரண்டுக்கும் அதேதான், விலைகள் மட்டும் இன்னும் கீழே. மூன்றேகாலுக்கு நாற்பத்தொன்பது. நான் நம்பிய மதியத்திலும் அன்று சந்தை திரும்பவில்லை.

"தப்பிச்சண்டி" என்று நாத்தனாரைக் கட்டிக்கொண்டேன்.

"யாருகிட்டருந்து?" என்றாள்.

மாலையில் கணவரும் சிரித்தார். "ஒண்ணும் வாங்காததுக்கா இம்மாம் குஷி?"

இப்போது காலை நேரத்துக்கென்று நோட்டில் தனிப் பக்கங்கள் வைத்திருக்கிறேன். பூனை இருக்கும் பக்கத்தையும் கிழிக்கவில்லை; எதுவோ எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று மனம் துள்ளும்போதெல்லாம், நான் பார்க்காமல் விட்ட நேரம் எது என்று அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.