சும்மாண்ணன் படம் போட்ட சுவரொட்டி

கல்லூரிக் கலையரங்கத்தின் புதிய பருவத்துக்கான சுவரொட்டி ஊரெல்லாம் ஒட்டப்பட்ட அன்று, அதில் படம் போட்டிருந்த நான்கு சிறப்புக் கலைஞர்களில் மூன்று பேர் வெவ்வேறு விமான நிலையங்களில் இருந்தார்கள். நான்காமவர் மேடைக்கு அடியில் குனிந்து மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சம்பளச் சீட்டில் மேடை உதவியாளர் என்று பெயர். மேடைக்குப் பின்னால் சும்மாண்ணன். கலைஞர்கள் எப்போதும் தாமதமாக வருகிறவர்கள். நேரத்துக்கு வந்தால் கலைஞர் என்று நம்பமாட்டார்களோ என்ற பயமாக இருக்கலாம். அதனால் அவர்கள் உட்காரப் போகிற இடத்தில் முன்கூட்டியே ஓர் ஆளை உட்கார வைத்து விளக்கையும் ஒலியையும் சரிசெய்துவிடுவார்கள். "அண்ணே, சும்மா வந்து உக்காருங்க" என்பார் லைட்மேன். உட்கார்ந்ததும், "அண்ணே, சும்மா ஏதாவது வாசிங்க" என்பார். வெளிச்சம் மூக்கில் சரியாக விழுந்து, மைக் இரைச்சல் அடங்கியதும், "போதும்ணே" என்பார். அண்ணன் எழுந்து போய்விடுவார். வருடக்கணக்காக இதுதான் வேலை. உலகப் புகழ் பெற்ற எத்தனையோ பேர், இவர் சூடாக்கி வைத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாசிப்பது சொந்த வயலின். சின்ன வயதில் முறையாகக் கற்றதுதான். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை வயலின் கலைஞர் என்றே சொல்லப்பட்டது. அதை நம்பித் தங்கையைக் கொடுத்தவர் மச்சான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் மச்சான், ஏமாந்ததை மன்னித்துவிட்டார்; மறக்கத்தான் இல்லை.

"வாங்க மாப்பிள்ளை, இன்னைக்கு யாருக்காக உக்காந்தீங்க?" என்பார், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக. "நாங்கல்லாம் வேலை செஞ்சு களைச்சுப்போய் உக்காருறோம். நீங்க உக்காந்தே களைச்சுப் போறீங்க. கொடுத்து வெச்சவரு."

சும்மாண்ணன் சிரித்து வைப்பார். மனைவி சிரிக்கமாட்டாள். அதுதான் அவருக்குக் கஷ்டம். அவளும் சேர்ந்து சிரித்திருந்தால் குடும்பமே நிம்மதியாக இருந்திருக்கும்.

சுவரொட்டியில் அவர் படம் வந்த விதம் இதுதான். நான்காவது நிகழ்ச்சிக்கான வயலின் கலைஞர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. வடிவமைத்த பெண், இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று, விளக்குச் சரிபார்ப்பின்போது யாரோ எடுத்த சும்மாண்ணன் படத்தைத் தற்காலிகமாக ஒட்டி வைத்தாள். கீழே, மற்ற மூவருக்கும் எழுதிய வர்ணனையிலேயே ஒரு துண்டை வெட்டிப் போட்டாள்: "மௌனத்தோடு உரையாடும் மேதை." மாதிரிப் பிரதி பல மேசைகளுக்குப் போனது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்பினார்கள். நம்பிக்கையின் மேல் நடக்கிற நிறுவனம் அது.

பார்த்தால்கூடச் சந்தேகம் வந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நிஜக் கலைஞர்கள் மூவரும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுபோல் முழித்துக்கொண்டிருந்தார்கள். சும்மாண்ணன் முகத்தில்தான் லைட்மேன் நிதானமாக வெளிச்சத்தைச் சரிசெய்திருந்தார். நால்வரில் மேதை மாதிரி இருந்தது அவர் ஒருவர்தான்.

மதியம் மனைவி போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"அரங்கத்துலதான்."

"பொய். பஸ் ஸ்டாப்புல இருக்கீங்க. நான் உங்க முன்னாடிதான் நிக்கறேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வர்ணனையைப் படித்துக் காட்டினாள். 'மௌனத்தோடு' என்ற இடத்தில் குரல் உடைந்தது. "என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே?"

தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "சொல்லாம இருந்தா சந்தோஷமா இருக்குமேன்னு..." என்று வந்துவிட்டது. வாய் அவருடையதுதான், பேச்சு வேறு யாருடையதோ.

அவர் வீடு திரும்புவதற்குள் சொந்தபந்தம் முழுக்கச் செய்தி போய்விட்டது. மச்சான் ஒரு பெரிய பிஸ்கட் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை, எனக்கு முன்வரிசையில சீட்டு வேணும். நடுவுல நீங்க தூங்கிட்டா எழுப்பணும்ல?" என்றார். கிண்டல் பழைய கிண்டல்தான். ஆனால் கை பிஸ்கட் பெட்டியை நீட்டிய விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. கிண்டலைவிட அந்த மரியாதைதான் சும்மாண்ணனைப் பயமுறுத்தியது.

மறுநாள் விடிந்ததும் கலையரங்க இயக்குநர் அம்மாவின் அறை வாசலில் போய் நின்றார். அவர் சொல்வதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மேசைமேல் சுவரொட்டி விரிந்து கிடந்தது.

"அசிங்கமாப் போச்சு" என்றார் அம்மா. பிறகு படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "நீங்க நிஜமாவே வாசிப்பீங்கல்ல?"

"வாசிப்பேன்மா."

"அப்ப நீங்களே வாசிச்சா என்ன? அந்த ஆள் இன்னும் பிடி கொடுக்கல. உள்ளூர்த் திறமைக்கு வாய்ப்புக் கொடுங்கன்னு மேலிடத்துலயும் நச்சரிக்கறாங்க. நாற்காலி போட்டவரே நாற்காலியில! பேப்பர்காரங்க விழுந்தடிச்சு வருவாங்க." அம்மாவுக்குத் தலைப்புச் செய்தியே கண்ணில் தெரிந்துவிட்டது. "நாளைக்குச் சாயங்காலம் ஒண்ணை முழுசா வாசிச்சுக் காட்டுங்க. நல்லா இருந்தா உங்க பேரையே போட்டுடலாம்."

சும்மாண்ணன் படியிறங்கி வந்தபோது கால் தரையில் பாவவில்லை. பொய் சொன்னது தப்பில்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மைதான் என்று தோன்றியது.

அன்று வீட்டில் வயலினை எடுத்தார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முந்தானையில் கை துடைத்தபடி எதிரே உட்கார்ந்தாள். ஆரம்பித்தார். அவள் கண்ணை மூடினாள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாசிப்பு ஓரிடத்தில் நின்றது. வில் தானாக மேலே எழுந்துவிட்டது.

"நல்லா இருக்கு" என்றாள். "அப்புறம்?"

"அப்புறம் மேடையில வரும்" என்றார். அவரும் அதை நம்பினார்.

அடுத்த நாள் மாலை, காலி அரங்கத்தின் முன்வரிசையில் இயக்குநர் அம்மா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே லைட்மேன் தன் நண்பனுக்காக இருக்கிற விளக்கையெல்லாம் போட்டிருந்தார். சும்மாண்ணன் தினமும் உட்காருகிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார். வில்லை வைத்தார்.

உண்மையிலேயே அருமையாக இருந்தது. எழுதுகிறவன் இரக்கப்பட்டுச் சொல்வதல்ல இது. லைட்மேன் பிறகு பலரிடம் சொன்னது. தயங்காமல், பிசிறில்லாமல், யாரோ கதவைத் திறந்து உள்ளே வரச் சொல்வதுபோல இசை வந்தது. அம்மா காலைக் கீழே இறக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எந்த இடத்தில் லைட்மேன் வழக்கமாக "போதும்ணே" என்பாரோ, அந்த இடத்தில் வில் எழுந்தது.

அம்மா கை தட்டினார். "பிரமாதம்! மேல வாசிங்க."

அவர் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மறுபடி அதே இடம். வில் எழுந்து நின்றது, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி. வேறு ஒன்றை எடுத்தார். அதுவும் அழகாகத் தொடங்கியது, அதுவும் நின்றது. ஒன்றை விட்டு இன்னொன்று, அதை விட்டு வேறொன்று. அந்த மேடையில் வாசிக்கப்பட்ட எல்லாவற்றுக்கும் வாசற்படி அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. இத்தனை வருடமும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவரும் மற்ற நேரத்தில் தனியாகப் போய்ப் பார்க்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார். கற்றுக்கொடுத்ததெல்லாம் எங்கேயோ கரைந்துபோயிருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாசிங்களேன்" என்றார் அம்மா.

குடித்தார். தண்ணீரில் என்ன இருக்கிறது.

மேலே விளக்குப் பரணிலிருந்து லைட்மேன் கெஞ்சுகிற குரலில், "அண்ணே, நான் ஒண்ணும் சொல்லலைண்ணே. நீங்க பாட்டுக்குப் போங்கண்ணே" என்றார். அதைக் கேட்டதும் அவருக்கு வயலினைத் தூக்கிப் பிடிக்கக்கூட முடியவில்லை.

அம்மா நல்லவர். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மேடைக்கு ஏறி வந்து தோளைத் தொட்டார். "அண்ணே, தொடக்கம் ரொம்ப அருமை. நிஜமாச் சொல்றேன். ஆனா டிக்கெட் வாங்கறவங்க முடிவையும் சேர்த்துல்ல எதிர்பார்ப்பாங்க?"

"ஆமாம்மா" என்றார் சும்மாண்ணன். அவரே டிக்கெட் வாங்கியிருந்தாலும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

ஓரிரு நாளில் அந்த நிஜ வயலின் கலைஞர் மனமிறங்கிச் சம்மதித்தார். அவருடைய முகத்தை ஒரு ஒட்டுத்தாளில் அச்சடித்தார்கள். ஊரெல்லாம் போய் ஒட்டிவிட்டு வர ஒரு ஆள் வேண்டும். யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

ஆக, பசை வாளியும் தூரிகையுமாக அவரே கிளம்பினார். ஒவ்வொரு சுவராக நின்று, தன் முகத்தில் பசை தடவி, அதன்மேல் இன்னொருவர் முகத்தை வைத்து அழுத்தினார். ஒட்டுத்தாள் ஒரு சுற்று சிறியது. எல்லாச் சுவரொட்டியிலும் மேதையின் தலைக்குப் பின்னாலிருந்து சும்மாண்ணனின் இடது காது எட்டிப் பார்த்தது. வர்ணனையை யாரும் மாற்றவில்லை. வந்தவருக்கும் அது பொருந்தியது.

பஸ் ஸ்டாப்பில் ஒட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு கார் குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. டிரைவிங் ஸ்கூல் கார். மச்சான் இறங்கினார். வாளியைப் பார்த்தார். பாதி மூடியிருந்த முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

சும்மாண்ணன் தலையைக் குனிந்து காத்திருந்தார். இவ்வளவு பெரிய வாய்ப்பு மச்சானுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. என்ன சொன்னாலும் அது தலைமுறைக்கும் நிற்கும். சீக்கிரம் சொல்லித் தொலைத்தால் தேவலை என்றுகூட இருந்தது.

மச்சான் கிட்டே வந்து தாளின் மேல்முனையைப் பிடித்தார். "இந்தப் பக்கம் சுருக்கம் விழுது மாப்பிள்ளை. நான் பிடிச்சுக்கறேன். நீங்க மெல்லத் தடவுங்க."

இருவரும் சேர்ந்து ஒட்டினார்கள்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"இல்ல மச்சான்."

"சரி. சொல்லிடுங்க. அழுவா. அழட்டும்." பசைக் கையைத் தன் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டு காருக்குத் திரும்பினார் மச்சான். கிண்டல் செய்யக்கூட மனம் வராத ஒரு நிலைக்குத் தான் போய்விட்டோம் என்பது, கார் குலுங்கிப் புறப்பட்ட பிறகுதான் சும்மாண்ணனுக்கு உறைத்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பயணிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மனைவி அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். சொந்தக்காரர்களுக்கு நிகழ்ச்சி இல்லை என்று சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப்புறமிருந்து குரல் கேட்டது.

"அவருக்குக் கையில சுளுக்கு சித்தி, அதான் வேற ஆளைப் போட்டுட்டாங்க." அடுத்த அழைப்பில், "காய்ச்சல் விட்டு விட்டு அடிக்குது அத்தை." அதற்கடுத்த அழைப்பில் அவருக்கு மூச்சும் வாங்கியது. சித்தப்பாவுக்கான அழைப்பில் டாக்டர்கூட எதுவும் பிடிகொடுத்துச் சொல்லவில்லை. கடைசி உறவினருக்கு வந்தபோது சும்மாண்ணன் பிழைத்தால் உண்டு. மனைவி ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக நிஜமாகவே கலங்கிக்கொண்டு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவரே தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

விளைவு, கச்சேரி நாளன்று சாயங்காலம் அத்தனை பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆரஞ்சும் ஆப்பிளுமாக, போட்டிருந்த புதுத் துணியோடு. கச்சேரிக்கென்று எடுத்த துணி. வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டியிருந்த சும்மாண்ணனை மனைவி அவசரமாகப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டு, உடம்பு சரியில்லை என்று அரங்கத்துக்கும் போன் செய்துவிட்டாள். அவரைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். "என்னமா இளைச்சுப் போயிட்டாரு" என்றாள் அத்தை. சித்தப்பா, "வாசிக்கற கை. கண்ணு பட்டிருக்கும்" என்றார். மச்சான் மூலையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. லைட்மேன்.

"அண்ணே, நீங்க வரலைன்னதும் கை ஓடல. அப்புறம் ஒரு கம்பில பழைய கோட் ஒண்ணை மாட்டி நாற்காலிகிட்ட நிறுத்தினோம். சத்தத்துக்கு போன்லேருந்து ஏதோ ஒரு வயலினைப் போட்டுவிட்டோம். கச்சிதமா அமைஞ்சுடுச்சுண்ணே. ஆடாம அசையாம நிக்குது. இனி எப்பவும் இப்படியே பண்ணிக்கலாம்னு அம்மாவும் சொல்லிட்டாங்க. நாற்காலி அடுக்கறது மட்டும் நீங்க பாத்தாப் போதும். மேல ஏறி வந்து வேர்க்க விறுவிறுக்க உக்கார வேணாம்." சொல்லிவிட்டு லைட்மேன் சற்றுத் தயங்கினார். "உடம்பு எப்படிண்ணே இருக்கு?"

"பரவாயில்ல" என்று சொல்ல முடியாது. அறை முழுக்கக் காதுகள்.

"முடியலப்பா" என்றார்.

"அவரைப் பேச விடாதீங்க" என்று அத்தை போனை வாங்கி வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கண்ணோரம் ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். "பாவம், வெளிச்சம் கண்ணைக் குத்துது போலிருக்கு" என்றபடி எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.