பூட்ஸ் கழற்றாத பேராசிரியர்

பேராசிரியர் முத்திருளன் மின் பொறியியல்காரர். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், எழுபத்தாறில் அமெரிக்கா போய், வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து நிலத்தை ஆராயும் தொலையுணர்வு என்ற புது வித்தையோடு மதுரைக்குத் திரும்பினார். அன்றைக்கு ஏறிய தலைக்கனம் கடைசிவரை இறங்கவில்லை. செயற்கைக்கோள் படத்தில் பயிர்பச்சை சிவப்பாகத் தெரியும் என்ற ஒரே சங்கதியை வைத்துக்கொண்டு பத்து வருடம் கருத்தரங்குகளில் காலம் தள்ளினார். யாருக்கும் எதிர்க்கேள்வி கேட்கத் தெரியவில்லை. அதைத் தன் மேதைமை என்று நினைத்துக்கொண்டார்.

அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்து மாட்டிக்கொண்டவன் அழகுமலை. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிவேலை பார்த்த சின்னானின் மகன். ஐந்து வருடமாக இவன் எழுதிய கட்டுரைகளெல்லாம் அவர் பெயரில்தான் வந்தன. எண்பத்தைந்தில் ஆய்வேடு முடியும் தறுவாயில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் விரிவுரையாளர் வேலை. போடாவிட்டால் ஐந்து வருடமும் பாழ்.

படத்தில் சிவப்பாகத் தெரிந்த இடங்களை நேரில் சரிபார்க்க இருவரும் ஜீப்பில் சோழவந்தான் போனார்கள். கொடிக்காலுக்குள் யாரும் செருப்புக்காலோடு நுழைவதில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு வரும்படி சின்னான் பணிவாகத்தான் சொன்னார். துரை கழற்றுவாரா? வரப்பில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். வெற்றிலைக்கொடி படர்வதற்காக நட்ட அகத்தி மரங்கள்தான் வெளியே தெரிந்தன. ‘அகத்தித் தோப்பு’ என்று குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

உள்ளே இருப்பது வெற்றிலை என்று அழகுமலை வழியெல்லாம் எடுத்துச் சொன்னான்.

“படத்துல தெரியாத வெத்தலை எனக்கு எதுக்குய்யா? உனக்குப் பட்டம் வேணுமா, வெத்தலை வேணுமா?” என்றார் முத்திருளன்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கா இத்தனை நாள் பை தூக்கினோம் என்று அழகுமலைக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் எழுதினான். ஒரு கொடிக்கால் விடாமல் அத்தனையையும் அகத்தித் தோப்பாக்கினான். கையெழுத்து விழுந்தது. அந்த வரைபடத்தைக் காட்டியே முத்திருளன் துறைத்தலைவரும் ஆனார்.

பட்டம் கிடைத்த அன்று சின்னான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் தான் வேலை பார்க்கும் கொடிக்கால் எங்கே என்று கேட்டார். அழகுமலை தொட்டுக் காட்டினான். அவர் அங்கிருந்த எழுத்தைக் கூட்டிக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு மகன் முகத்தைப் பார்த்தார்.

“அந்த வாத்தியாரு உள்ள வரலை, அவருக்குத் தெரியாது. நீ அதுக்குள்ளயே வளந்தவன்தானப்பா?”