பாதிக் கம்பி

தூத்துக்குடிக்கு வடக்கே, வேம்பார் போகும் சாலையில் இருக்கும் இறால் தொழிற்சாலையில் நான் பராமரிப்புப் பொறியாளர். எது நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். போன கோடையில் ஒரு காலை, எதுவும் நிற்காமலே கூப்பிட்டார்கள்.

இறாலோடு உலோகம் ஏதும் கலந்திருந்தால் கண்டுபிடிக்கும் மெட்டல் டிடெக்டர், ஒரே பாக்கெட்டை மறுபடி மறுபடி ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

"மெஷின்தான் சார் கோளாறு. அதோட சென்சிட்டிவிட்டியக் கொஞ்சம் குறைச்சு வையுங்க. சாயங்காலம் கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போவணும்லா" என்றார் உற்பத்தி மேலாளர்.

சோதித்துப் பார்த்தேன். இயந்திரத்தில் குறையில்லை. பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் போட்டு, இறாலை ஒவ்வொன்றாகத் தடவினோம். பேக்கிங்கைக் கவனிக்கும் அக்கா சட்டென்று கையை உதறினார். நகத்துண்டு அளவில் ஒரு கம்பி.

அது இறாலைச் சுமந்து ஃப்ரீசருக்குள் ஓடும் கம்பிவலை பெல்ட்டுடையது. ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் குளிர் ஜாக்கெட்டோடு உள்ளே தவழ்ந்தேன். வளைவில் ஒரு கண்ணி அறுந்திருந்தது. கையிலிருந்த துண்டை அந்த இடத்தில் வைத்தேன். பாதிதான் நிரம்பியது. மீதிப் பாதி எந்தப் பாக்கெட்டுக்குள் போனதோ. வெளியே வந்து மேலாளரிடம் சொன்னேன்:

"காலையில இருந்து பேக் பண்ணுனது ஒண்ணும் வெளிய போகக்கூடாது சார். மீதிக் கம்பி கிடைக்கணும்."

"வெளையாடுதீங்களா? மொதலாளிட்ட யாரு சொல்லுதது?"

"எதாவது ஒரு பிள்ளை தொண்டையில சிக்குனா?"

அவர் மணியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கம்பி படுத்திருக்கும் வாக்கைப் பொறுத்து டிடெக்டர் ஏமாறுவதுண்டு. அதனால் அக்காவும் மற்றப் பெண்களும் எல்லாப் பாக்கெட்டையும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் விட்டுப் பார்த்தார்கள். எதுவும் சிக்கவில்லை. நான் ஃப்ரீசரின் தரையில் கிடந்த பனிக்கட்டியைச் சுரண்டி எடுத்துவந்து, முற்றத்து வெயிலில் சல்லடையில் கொட்டித் தண்ணீர் பாய்ச்சினேன். கொஞ்ச நேரத்தில் மேலாளரும் பக்கத்தில் வந்து குந்தினார். பேன்ட் நனைவதை அவர் பார்க்கவில்லை.

"ஒங்களுக்கு எந்த ஊரு?"

எத்தனையோ நாள் சேர்ந்து வேலை பார்த்தும் அதுவரை அவர் கேட்டதில்லை.

"பெரியதாழை."

"அப்படியா! எங்க அத்தைய அங்கன பக்கத்துலதான் கட்டிக்குடுத்துருக்கு" என்றவர், பேச்சை விட்டுவிட்டுச் சல்லடைக்குள் விரலை விட்டார். "அண்ணாச்சி, இந்தா! கெடச்சிட்டு!"

இரண்டு துண்டையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்தேன். அறுந்த முனைகள் பொருந்தின. எட்டிப் பார்த்த அக்கா, "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

தேடி முடிப்பதற்குள் நேரமாகி, அன்று கன்டெய்னர் ஏறவேண்டிய கப்பல் தவறிவிட்டது. முதலாளியின் சத்தம் எனக்கும் கேட்டது. மேலாளர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். சத்தம் ஓய்ந்ததும் நிதானமாகச் சொன்னார்: "இல்ல மொதலாளி, அவரு மட்டுமில்ல. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் நிப்பாட்டுனோம்."

நான் புதுக் கண்ணியைக் கோக்க மறுபடியும் உள்ளே போனேன்.