கூடை மிஸ்ஸுக்கு ஒரு பெயர் இருந்தது

பள்ளியின் வாட்ஸப் குழுவில் காலையில் செய்தி வந்தது. "நம் பள்ளியின் தூண் ஜெயக்கொடி டீச்சர் மாரடைப்பால் காலமானார்." அடியில் வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். வேலையை விட்டு அனுப்பிய மறுநாளே அவரை நீக்கிய அதே குழுவில்தான் இந்தத் தூண் புராணம். செல்லூரில் அவரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் அந்தப் பள்ளியில் இன்னமும் தமிழ் எடுக்கிறவள். ஸ்டாஃப் ரூமில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது.

ஆறாம் வகுப்பில் ஆங்கிலப் பெயர்ச்சொல் வகைகளை நடத்த அவருக்குக் கைடு தேவைப்பட்டதில்லை. மேசைமேல் ஐந்து பிரம்புக் கூடைகளை வைப்பார். முதல் கூடையில் பிள்ளைகள் தங்கள் அடையாள அட்டையைக் கழற்றிப் போட வேண்டும், அது ப்ராப்பர் நவுன். இரண்டாவதில் பேனா, பூட்டு, சீப்பு. மூன்றாவதில் சாவிக்கொத்து, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று கூட்டமாக இருப்பவை. நாலாவதில் உப்பு, செம்புக்கம்பி, தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவரும் நூல். ஐந்தாவது காலி. "இதுல இருக்கது கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் சிக்காது. ஆனா இருக்கு. கைய விட்டு எடுத்துச் சொல்லு" என்பார். அன்பு, வீரம் என்று யாராவது ஒப்பித்தால், "அது கைடுல இருந்து எடுத்தது. கூடையில இருந்து எடு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒருநாள் ஒரு சிறுமி கையை விட்டு யோசித்து, "பயம் மிஸ்" என்றாள். எதுக்குப் பயம் என்று கேட்டதற்கு, "கரஸ்பாண்டன்ட் சாருக்கு" என்றாள். பள்ளியின் முதலாளி அப்போது வராந்தாவில்தான் நின்றிருந்தார். வகுப்பே சிரித்தது. டீச்சர் அசரவில்லை. "சரியாச் சொன்ன. இங்கிலீஷ்ல ஃபியர். உக்காரு" என்றார்.

நான் கேலி செய்வேன். "யக்கா, எங்க தமிழ்ல பெயர்ச்சொல் ஆறு வகை. ஒங்களுக்கு அஞ்சுதேன்." அவர் விடமாட்டார். "ஒரு கூடை கொறச்சலாச் சொமக்குறேன், ஒனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்று சொல்லிவிட்டு, என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொள்வார்.

பிறகு வகுப்புக்கு வகுப்பு ஸ்மார்ட் போர்டு வந்தது. கோடை விடுமுறையில் அவரைக் கூப்பிட்டு, கேமரா முன்னால் நிறுத்தி, இலக்கணப் பாடம் முழுவதையும் பதிவு செய்தார்கள். சந்தோஷமாகத்தான் போனார். வெயிலில் கூடைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். பள்ளி திறந்ததும் கரஸ்பாண்டன்ட் அவரைக் கூப்பிட்டு, "அதேன் வீடியோ இருக்குல்ல டீச்சர், இனிமே நீங்க எதுக்குச் சிரமப்படணும்?" என்றாராம். கறிவேப்பிலைக்குக்கூடக் குழம்பு கொதித்து முடியும்வரை இடம் உண்டு. வீடியோவில் பள்ளியின் பெயர் பெரிதாக ஓடுகிறது. அவர் பெயர் எங்கேயும் இல்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவர் வெறும் கூடை மிஸ்.

கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். கம்பெனி வாசலில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். "இங்க என்னையப் பேக்கிங் அம்மாங்கிறாங்க பொன்னு. பேரு கேட்ட ஒரு ஆளு இல்ல" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "வீடியோல எம் பேரப் போடச் சொல்லிக் கேட்டியா?" என்றார். கேட்டேன், இரண்டு முறை கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அதைச் சொன்னபோது, "அம்புட்டுத்தேன் நம்ம மதிப்பு" என்று பஸ் வந்த பக்கம் திரும்பிக்கொண்டார். ஏறுவதற்கு முன் பையிலிருந்து ஒரு கூடையை எடுத்து நீட்டினார். "மத்த நாலையும் பூக்காரம்மாவுக்குக் குடுத்துட்டேன். இது காலிக் கூடை. நீ வச்சுக்க. வாரேன்."

செய்தி வந்த அன்றே பள்ளி வாசலில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் எழுந்தது. டீச்சர் படத்தைவிட கரஸ்பாண்டன்ட் படம் பெரியது. ஆபீஸ் ரூமில் மாலை போட்ட படத்தின் முன் ஆசிரியர்கள் எல்லோரும் மௌன அஞ்சலிக்கு நின்றோம். கண்ணை மூடியதும் மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது. "கைடுல இருந்து எடுக்காத. கூடையில இருந்து எடு." ஆறாம் வகுப்பைச் சும்மா விடக் கூடாதென்று வீடியோவைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கரஸ்பாண்டன்ட் கண்ணைத் திறக்காமலே, "யாராச்சும் போயி அத ஆஃப் பண்ணுங்க" என்றார்.

நான்தான் போனேன். போர்டை அணைக்கவில்லை. வீடியோவை நிறுத்தினேன், அவர் முகம் திரையில் அப்படியே நின்றது. "இவுக யாரு தெரியுமா?" என்றேன். "கூடை மிஸ்" என்றார்கள் ஒரே குரலில். "இல்ல. இவுக பேரு ஜெயக்கொடி. நேத்துச் செத்துப் போயிட்டாக. பேரைச் சொல்லுங்க." பிள்ளைகள் முதலில் மிரண்டு, பிறகு சத்தமாகச் சொன்னார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். ஆபீஸ் ரூம்வரை கேட்டிருக்கும், கேட்கட்டும்.

சாயங்காலம் எனக்கு மெமோ கொடுத்தார்கள். ஃப்ளெக்ஸை அடுத்த வாரம் கழற்றிவிடுவார்கள், வீடியோவைக் கழற்ற மாட்டார்கள். அந்தக் காலிக் கூடை என் வீட்டில் இருக்கிறது. அதில் கீரைகூட வைப்பதில்லை. யக்கா, நேற்றும் கையை விட்டுப் பார்த்தேன். துக்கம் வரும் என்று நினைத்தேன். இப்போதைக்குக் கோபம்தான் வருகிறது.