அலை உடையாத இடத்தில் இறங்கினார்

என் கணவர் விடுமுறையில் வந்த பதினேழாம் நாள், கடல் அவரை என் கண்முன்னே இழுத்துக்கொண்டு போனது. 1996 மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன். நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் மேலப்பாளையம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அதில் சேர்ந்திருந்தது மொத்தம் பதினாறு மாதங்கள். மற்ற நாளெல்லாம் அவர் சவூதியில். ஒவ்வொரு தொழுகையிலும் எனக்கு ஒரே துஆ: யா அல்லாஹ், இந்தத் தடவை அவர் திரும்பிப் போகாமல் இருக்க வேண்டும்.

அன்று காயல்பட்டினம் கடற்கரையில் இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகக் கிடந்தது. அவர் அங்கே இறங்கப் போனார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் சத்தம் போட்டார்.

"அண்ணாச்சி, அங்கன இறங்காதேயும்! அலை உடையாத இடந்தான் ஆளை இழுக்கும்."

"குளம் மாதிரி கெடக்கு, இதுக்குப் போயி பயங்காட்டுதீரே! தாமிரபரணி வெள்ளத்துல அக்கரை போன ஆளுவே நான்."

"போனீரு, சரி. கடலு என்ன ஒம்ம மாமியா வீடா?"

என் கணவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஐந்து நிமிடத்தில் அவர் தலை தூரத்தில் சிறுத்துப்போனது. கரையை நோக்கி நீந்தினார். நீந்த நீந்த உள்ளேதான் போனார்.

"மச்சான்!" என்று கத்தினேன். மணலில் விழுந்தேன். "யா அல்லாஹ், அவரை சவூதிக்கே அனுப்பு. எத்தனை வருசமானாலும் காத்திருக்கேன். உயிரோட இருந்தாப் போதும்."

மீனவர் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடினார். "கரையப் பாத்து வராதேயும்! பக்கவாட்டுல போம்! அலை உடையுத பக்கம் போம்!"

மூன்று தடவை கத்தியும் அவருக்குக் கேட்கவில்லை. நான் துஆவை முடித்தபோது அவர் தலை திரும்பியது. பக்கவாட்டில் நீந்தினார். அலைகள் அவரைக் கரைப்பக்கம் தள்ளின. மீனவர் இடுப்பளவு நீரில் இறங்கி இழுத்துப் போட்டார்.

"எழும்பும்வே. ஒம்ம வீட்டம்மா கடல்ல குதிச்சிருவாக போல."

விடுமுறையின் நாற்பத்தைந்தாம் நாள் அவர் விமானம் ஏறினார். நான் தடுக்கவில்லை. ஏக்கம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிற நாட்கள் உண்டு. ஆனால் இப்போது முதலில் நன்றி சொல்கிறேன், பிறகுதான் கேட்கிறேன்.

சகோதரிகளே, கடலுக்குப் போனால் உள்ளூர்க்காரர்களைக் கேட்டு இறங்கும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். காத்திருப்பவர்கள் அல்லாஹ்விடம் மனம்விட்டுக் கேளுங்கள். அவன் கேட்கிறான்.

இன்று மதியம் அவர் கடிதம் வந்தது. உறையின் முத்திரையில் பன்னிரண்டு நாளைக்கு முந்தைய தேதி. அன்றைக்கு நன்றாக இருந்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத்தான் பிரித்தேன்.